பழைய ஜீப்புக்கு ஆக்ஸிலும் வீலும்: வேலூரில் ஒன்றேகால் லட்சம் போன கதை

31 இன்ச் டயர் வாங்கத்தான் பணம் சேர்த்தேன். கடைசியில் பாதிக்கு மேல் போனது, வண்டிக்கு அடியில் யார் கண்ணிலும் படாத இரண்டு ஆக்ஸிலுக்கு. வருத்தம் இல்லை. ஆனால் இதே ஆசையோடு இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வண்டி மகிந்திரா சிஜே 3பி. தாத்தா ஏலத்தில் எடுத்தது, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் வைத்தது அப்பா. அதனால் தெருமுனையில் திரும்பும்போதே டிராக்டர் வருகிறது என்று நினைத்து மாடு ஒதுங்கும். காட்டுப்பாதையில் குறை சொல்ல முடியாது. ரோட்டில்தான் கொடுமை, 60-ஐத் தொட்டதும் இன்ஜின் அலற ஆரம்பித்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பெரிய டயர் போட்டால் இது சரியாகும், பார்க்கவும் ஜம்மென்று இருக்கும் என்பது என் கணக்கு.

கொணவட்டம் பக்கம் ஒரு சந்தில் பாயுடைய பட்டறை. தகரக் கூரை, போர்டு கிடையாது, நம்பரை எங்கேயும் போடாதே என்று அவரே சொல்லிவிட்டார், எனவே கேட்காதீர்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும், ஜீப்பைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. டயர் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"உன் வண்டில இன்னா ரேஷியோ கீது தம்பி, அது தெரியுமா?"

"தெரியாது பாய்."

"அப்போ டயரைப் பத்திப் பேசாத."

பின் பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஒரு வீலைப் பையன் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறுபக்க வீலைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினார், நடு ஜாயிண்ட், அதாவது இன்ஜின் பக்கமிருந்து ஆக்ஸிலுக்கு வருகிற நீள ஷாஃப்ட், எத்தனை சுற்று போகிறது என்று என்னை எண்ணச் சொன்னார். ஒரு வீலைப் பிடித்துக்கொண்டால் மறுவீலின் இரண்டு சுற்றுதான் கணக்கில் ஒரு சுற்று. சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். ஐந்து முழுச் சுற்று, அப்புறம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. அதாவது ரேஷியோ 5.38, வீல் ஒரு சுற்று சுற்ற ஜாயிண்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும். ஜாயிண்ட்டோடு சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல், வீலைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல். பெட்ரோல் இன்ஜின் வேகமாகச் சுற்றும் என்பதால் அதற்குப் பொருந்திய ரேஷியோ இது, மெதுவாகச் சுற்றி இழுக்கிற டீசலுக்கு இதையே வைத்திருந்தால் அலறாமல் என்ன செய்யும். இந்தச் சுற்று எண்ணும் வித்தையைப் பழைய ஜீப் வைத்திருக்கும் எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள், எனக்கு இது பிறகு பெரிய நஷ்டத்தைத் தடுத்தது.

டயரை மட்டும் பெரிதாக்கினால் என்ன என்று விடாமல் கேட்டேன். "சின்னப் பையனுக்கு அவங்கப்பா செருப்பை மாட்டிவிட்ட மாதிரி இருக்கும்" என்றார். 3பி-யில் இருப்பது 9 இன்ச் டிரம், ஏற்கெனவே பிரேக் பிடிப்பதற்கு முன்னால் ஒரு பிரார்த்தனை தேவைப்படும், அதில் 31 இன்ச் டயரின் எடையையும் ஏற்றினால் இறக்கத்தில் நிற்பது சந்தேகம். பவர் ஸ்டீரிங் கிடையாது. போதாததற்குப் பின் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் முனை கூம்பாக இருக்கும், வீல் மாட்டும் ஹப் தனியாக, நடுவில் ஒரு சின்னச் சாவியும் (பூட்டுச் சாவி இல்லை, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) ஒரு நட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நட் லேசாகத் தளர்ந்தாலும் சாவி அறுந்துவிடும். இது எனக்கே நடந்திருக்கிறது. ஒருமுறை அணைக்கட்டு தாண்டி இரவில் இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை, முன் டிரைவைப் போட்டு முன் சக்கரம் இழுக்க இழுக்க ஊர்ந்தே வீடு வந்தோம். பெரிய டயர் போட்டால் அந்தச் சாவிக்கு இன்னும் கூடுதல் வேலை.

சரி, ஆக்ஸில் மாற்றுவது என்று முடிவானது. ரேஷியோ 4.88, அதாவது 39-க்கு 8. எண் குறையக் குறைய அதே வேகத்துக்கு இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் போதும். ஏன் 4.27 இல்லை என்றால், ரோட்டில் அது இன்னும் சுகம்தான், ஆனால் ஜவ்வாது மலையில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும்போது ஃபர்ஸ்ட் கியரின் இழுவை குறைந்துவிடும், எனக்கு அந்த இழுவைதான் முக்கியம்.

வாங்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். 3பி-யில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (இழுவையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஜாயிண்ட் வலப்பக்கமாக இறங்குகிறது, ஆகவே ஆக்ஸிலின் குண்டும், அதாவது கிரவுன் பினியன் உட்காரும் உருண்டைப் பகுதியும், வலப்பக்கம் ஒதுங்கி இருக்க வேண்டும். குண்டு நடுவில் இருக்கிற ஆக்ஸிலைச் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டால் ஜாயிண்ட் கோணலாக ஓடி அதன் முனையில் இருக்கிற கிராஸைத் தின்றுகொண்டே இருக்கும்.

நான் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் முன், பின் இரண்டும் சேர்த்து 38,000-க்கு எடுத்தேன். வலப்பக்கக் குண்டு, ஹப்பும் ஷாஃப்ட்டும் ஒரே துண்டாக இருக்கிற பின் ஆக்ஸில், பெரிய டிரம். இரண்டும் 4.88, ஒரே வண்டியில் கழற்றியது என்று அடித்துச் சொன்னார். பட்டறையில் இறக்கியதும் பாய் சுற்ற ஆரம்பித்தார், பின்னது ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, சரி. முன்னது நாலேகாலில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் கிரவுனிலேயே 47, 11 என்று குத்தியிருக்கிறது, அதாவது 4.27. இதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் ரோட்டில் ஒன்றும் தெரியாது, முன் டிரைவைப் போடும் அன்றைக்குத்தான் முன் வீல் ஒரு வேகம், பின் வீல் ஒரு வேகம் என்று இழுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லைக் கடித்திருக்கும். வியாபாரிக்குப் போன் செய்தேன், முதல் தடவை எடுத்தார், அப்புறம் எடுக்கவே இல்லை. முன் ஆக்ஸிலுக்கு 4.88 கிரவுன் பினியனைப் பாயே தேடிப் பிடித்துக் கொடுத்தார், 9,500 கூடுதல்.

வேலையைப் பற்றி: பாய் நேரத்துக்கு முடிக்க மாட்டார், அதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் என்றது நான்கு வாரமானது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறை இல்லை, கல்யாண வீட்டு பிரியாணி வந்த நாளிலும் இல்லை (எனக்கும் கத்திரிக்காய் தொக்கோடு ஒரு தட்டு வைத்தார்கள், எனவே கோபப்பட முடியவில்லை). ஆனால் கிரவுன் பினியன் உட்கார வைத்த அந்த இரண்டு நாளை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பல்லில் நீல மையைத் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பது, ஓரத்தில் விழுந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றுவது. ஐந்து தடவை கழற்றினார். பேக்லாஷ், அதாவது பல்லுக்குப் பல் விடும் இடைவெளி, 0.15 மி.மீ., லேத்துக்காரர்கள் கணக்கில் ஆறு தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் ஆறு பங்கு), அதில் வந்து நின்றதும்தான் டீ குடிக்கப் போனார். கியர் ஊளையிடுவதும் ஊளையிடாததும் இதில்தான் இருக்கிறது. ஸ்பிரிங் உட்காரும் பட்டையை இடம் மாற்றி வெல்டு வைத்தபோதும் ஒரே மூச்சில் ஓட்டாமல் கொஞ்சம் வைத்து, ஆறவிட்டு, மறுபக்கம் வைத்து என்று செய்தார், இல்லையென்றால் ஹவுசிங் குழாய் வளைந்துவிடுமாம்.

வீலுக்கு வருகிறேன். வீலை மாட்ட ஐந்து ஸ்டட், அவை நிற்பது 139.7 மி.மீ. வட்டத்தில். பழைய ஜீப்புக்கும் மாருதி ஜிப்சிக்கும் இது ஒன்றுதான் என்பதால் 15 இன்ச் ரிம் தேடுவது கஷ்டமில்லை. பழைய இரும்பு ரிம் ஐந்தை 10,000-க்கு எடுத்து, கோட்டம் பார்த்து, பெயிண்ட் அடித்துக்கொண்டேன். அலாய் வேண்டாம், பாறையில் அடிபட்டால் இரும்பைத் தட்டி நிமிர்த்தலாம். டயர் 235/75 ஆர்15, ஐந்தும் 35,000. உயரம் 29 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு, பழைய 6.00-16-ஐ விட அரை இன்ச் போலத்தான் கூடுதல். 31 இன்ச் போட்டு வந்த ஒருவருடைய வண்டி அப்போது பட்டறையிலேயே நின்றது, ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் ஸ்பிரிங்கில் உரசி ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு ஆசை விட்டுப்போனது. முழுசாக என்று சொல்ல மாட்டேன்.

மொத்தம்: ஆக்ஸில் 38,000, முன் கிரவுன் பினியன் 9,500, பேரிங், சீல், பிரேக் சாமான் 14,000, கூலி 16,000, ரிம்மும் டயரும் 45,000. ஆக 1,22,500. பிரேக் கணக்கில் புது மாஸ்டர் சிலிண்டரும் உண்டு. பெரிய டிரம்முக்கு வீல் சிலிண்டரும் பெரிது, பழைய மாஸ்டரை வைத்துக்கொண்டால் பெடல் தரை வரைக்கும் போகிறது. இதை பாய் முதலில் சொல்லாமல் கடைசி வாரத்தில் சொன்னார், அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தால்? முன்பு 60-ல் கேட்ட அதே சத்தம் இப்போது 67, 68-ல்தான் கேட்கிறது. இவ்வளவு செலவுக்கு எட்டு கிலோமீட்டரா என்று வீட்டில் கேட்டார்கள். எண்ணாகப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் 55-ல் போகும்போது பேச முடிகிறது, பாட்டுக் கேட்கலாம். ஸ்பீடோமீட்டர் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஓடுவதால் அது இன்னும் பழைய ரேஷியோவிலேயே வாழ்கிறது, 60 காட்டும்போது உண்மையில் 67 போய்க்கொண்டிருக்கும், போனில் ஜிபிஎஸ் வைத்துச் சரிபார்த்தேன். பிரேக்தான் பெரிய மாற்றம். கணியம்பாடி வழியாக அமிர்தி போய் வந்தேன், முன்பெல்லாம் காலை ஊன்றி எழுந்து நிற்க வேண்டிய இடங்களில் இப்போது உட்கார்ந்தபடியே பிடிக்கிறது. பாலாற்று மணலில் காற்றை 18-க்கு இறக்கிக்கொண்டு போனேன், சிக்கவில்லை, பழைய ஒல்லி டயர் அதே இடத்தில் இரண்டு முறை புதைந்திருக்கிறது.

முதல் வாரம் 45-ல் ஸ்டீரிங் பயங்கரமாக ஆடியது. கைப்பிடியை விட்டால் வண்டி நடனம் ஆடும். திரும்பக் கொண்டுபோனேன், முன் வீல் திரும்புகிற அச்சான கிங் பின்னின் பேரிங்கில் இறுக்கம் போதவில்லை என்று ஷிம் எடுத்துச் சரி செய்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஆடவில்லை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. இவ்வளவு பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸில் நிறுத்தியாக வேண்டும். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அங்கே பேச்சே வேறு. நான் அடக்கமான டயரோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம், ஆனால் ஆக்ஸிலும் மாற்றம்தான், கையில் இருக்கிற பில்லையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

500 கிலோமீட்டரில் யூ போல்ட்டையும் வீல் நட்டையும் மறுபடி முறுக்கியாயிற்று, 90 நம்பர் கியர் ஆயிலையும் ஒருமுறை வடித்து மாற்றினோம், லேசாகத் தூள் வந்தது, புதுப் பல்லுக்கு அது சகஜம் என்றார். பின் பினியன் சீலில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் இன்னும் கசிகிறது. பாயிடம் சொன்னேன். "சொட்டுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம், சொட்டலைன்னா வா" என்றார். அடுத்த வெள்ளிக்கு முன்னால் போய் மாற்றிக்கொண்டுதான் வரப்போகிறேன்.