உயரத் தாடி ஐரிஸ்: கிழங்கைப் பிரிப்பதா, விதையில் வளர்ப்பதா?

உயரத் தாடி ஐரிஸ் என்பது கீழிதழ்களில் தாடிபோல மயிர்வரிசை கொண்ட, உயரமாக வளரும் பூச்செடி. பிடித்த ஐரிஸைப் பெருக்க நினைத்து அதன் விதையைச் சேகரிப்பவர்கள், மூன்று ஆண்டு கழித்து ஏமாந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கிழங்கு தருவது அதே பூவை. விதை தருவது இதுவரை இல்லாத ஒரு பூவை.

கிழங்கில் சிக்கல் குறைவு. பூத்து முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தோண்டி, பூத்து ஓய்ந்த தாய்க்கிழங்கைத் தள்ளிவிட்டு, இலைக்கொத்தோடு உள்ள இளம் கிழங்குகளை மட்டும் நடவேண்டும். கிழங்கின் முதுகு வெயிலைப் பார்க்கட்டும். ஆழப் புதைத்து ஈரத்தில் விட்டால் கிழங்கு கூழாகி நாறும். நன்றாக வேர்பிடித்தால் அடுத்த பருவத்திலேயே பூக்கலாம். 1986-இல் அறிமுகமாகி 1992-இல் ஐரிஸுக்கான உயரிய விருதான டைக்ஸ் பதக்கம் வாங்கிய 'டஸ்கி சேலஞ்சர்' ரகம் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் முதல் செடியின் ஒரு துண்டுதான். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரிக்காவிட்டால் நெருக்கத்தில் பூ குறையும்.

விதை வழியில் கைவேலை எளிது. அன்று மலர்ந்த பூவின் மகரந்தப்பையை இடுக்கியால் எடுத்து, மற்ற ரகத்தின் சூல்முடி உதட்டில் தடவினால் போதும். தாய் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதிக் கட்டிவிடுங்கள். சுமார் இரண்டு மாதத்தில் காய் முற்றி வெடிக்கத் தொடங்கும். விதைக்கு ஈரக்குளிர் தேவை. சில விதைகள் அடுத்த ஆண்டுதான் முளைக்கும். முதல் பூவுக்கு முளைத்ததிலிருந்து இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

கடினம் கணக்கில் இருக்கிறது. இன்றைய உயர ரகங்களில் பெரும்பாலானவை 48 குரோமோசோம் கொண்ட நான்மடியங்கள், அதாவது ஒவ்வொரு மரபணுவும் நான்கு பிரதியாக உள்ளவை. இரண்டு பிரதி மட்டும் உள்ள இருமடியச் செடியில் ஒடுங்கு பண்பு (எல்லாப் பிரதியிலும் இருந்தால்தான் வெளிப்படுவது) ஒன்று மறைந்திருந்தால், தன்மகரந்தச் சேர்க்கையில் நான்கில் ஒரு நாற்றில் வெளிப்படும். நான்மடியத்தில் அந்த மரபணு இரண்டும் அதன் மாற்று இரண்டுமாக இருந்தால், 36-இல் ஒன்றில்தான். இளஞ்சிவப்புப் பூவுக்குக் காரணமான செந்நிறத் தாடிப் பண்பு இப்படிப்பட்டது. ஆகவே அந்தப் பண்பு ஏற்கனவே வெளிப்பட்ட இரண்டைக் கலப்பதே புத்திசாலித்தனம்.

என்னைக் கேட்டால், நிறமும் உயரமும் திட்டமிட்டபடி இருக்கவேண்டிய பாத்திக்குக் கிழங்கே சரி. அங்கே விதைக்கு இடமில்லை. கலப்பு முயற்சியை ஒதுக்குப்புற நிலத்தில், ஐம்பது நாற்றுக்கு மேல் வளர்க்கமுடிந்தால் மட்டும் தொடங்குங்கள். பெரும்பாலானவற்றைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும், அந்த மனவலிமைதான் உண்மையான விலை. அழகான பூவாக இருந்தாலும் தண்டு சாய்கிறதா, மொட்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றனவா, கிழங்கு நன்றாகக் கிளைக்கிறதா என்று பார்க்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம் முதல் பூவை வைத்தே தீர்ப்பு வேண்டாம். முதல் ஆண்டுத் தண்டு பலவீனமாகவே வரலாம். இரண்டாவது பருவத்தையும் பார்த்துவிட்டு, தேறியதைக் கிழங்காகப் பிரித்து நடுங்கள்.