பிஎஃப், ஈஎஸ்ஐ பணத்தை ஆளிடம் கொடுத்து ஏமாந்த மருத்துவமனை: டெல்டாவில் மற்றவர்கள் உடனே பார்க்க வேண்டியவை

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனை. 30 படுக்கை, சம்பளப் பட்டியலில் 25 பேர். மாதாமாதம் ஊழியர் சம்பளத்தில் பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தார்கள். நிர்வாகத்தின் பங்கையும் சேர்த்து, 'பிஎஃப் பார்க்கிறவர்' என்று ஊரில் சொல்லப்படும் லேபர் கன்சல்டன்ட் ஒருவரிடம் கொடுத்துவந்தார்கள். அவரும் மாதம் தவறாமல் சலான் கொண்டுவந்தார். கோப்பு கனமாக, ஒழுங்காக இருந்தது. ஒரு நர்ஸ் பேறுகாலப் பணம் கேட்டு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போனபோதுதான் அவர் பெயரில் பங்களிப்பே ஏறவில்லை என்று தெரியவந்தது. தோண்டிப் பார்த்தால், 18 மாதப் பணம் போய்ச் சேரவே இல்லை.

விவகாரம் விசாரணையில் இருப்பதால் யார் பெயரும் இங்கே வேண்டாம். ஆனால் இதே ஏற்பாடுதான் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து மயிலாடுதுறை, மன்னார்குடி வரை பல சிறு மருத்துவமனைகளில் இருக்கிறது. அதனால் நடந்த விதத்தை விவரமாக எழுதுகிறோம்.

முதலில் தொகையைப் பாருங்கள். 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு நர்ஸுக்கு பிஎஃப் பிடித்தம் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். நிர்வாகப் பங்கும் 1,440, அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். இடிஎல்ஐ காப்பீடு 60, நிர்வாகக் கட்டணம் 60. மொத்தம் 3,000. ஈஎஸ்ஐக்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். நிர்வாகப் பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். ஆக ஓர் ஆளுக்கு மாதம் 3,480. சராசரியாக அதே சம்பளத்தில் 25 பேர் என்றால் மாதம் 87,000. 18 மாதத்தில் 15,66,000 ரூபாய். இது அசல் மட்டும்.

அசலோடு நிற்காது. இரண்டும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தாமதத்துக்கு இரண்டிலும் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. பிஎஃப்பில் அதற்கு மேல் அபராதச் சேதம் உண்டு. 2024 ஜூன் முதல் அது மாதத்துக்கு 1 சதவீதம். அதாவது 18 மாதம் தாமதமான ஒரு மாத பிஎஃப் பாக்கி 75,000 ரூபாய்க்கு வட்டி 13,500, சேதம் 13,500. ஈஎஸ்ஐயிலும் தாமதத்துக்குச் சேதம் உண்டு. வருமான வரியிலும் அடி விழலாம். ஊழியரிடம் பிடித்த பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று அன்றிருந்த சட்டப்படி 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, கன்சல்டன்டிடம் கொடுத்தது கட்டியதாகாது என்பதுதான். ஊழியரிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் சட்டத்தின் கண்ணில் அது நிர்வாகம் செய்த நம்பிக்கை மோசடி. இடையில் பணத்தை விழுங்கியவர் மேல் நீங்கள் தனியாகத்தான் வழக்குப் போட வேண்டும். அதுவரை நோட்டீஸ் மருத்துவமனை முகவரிக்குத்தான் வரும். ஒருமுறை பிடித்த பங்கை ஊழியரிடம் மறுபடி கேட்கவும் முடியாது.

கன்சல்டன்ட் எப்படி மறைத்தார்? பிஎஃப் போர்ட்டலில் ஈசிஆர் என்ற மாதாந்திர ஊழியர் பங்களிப்புப் பட்டியலை ஏற்றி ஒப்புதல் கொடுத்ததும் டிஆர்ஆர்என் எண்ணுடன் ஒரு சலான் வரும். நிறுவனத்தின் பெயர், மாதம், தொகை எல்லாம் அதில் சரியாக இருக்கும். ஆனால் அது கட்ட வேண்டிய தொகையைச் சொல்லும் தாள். வங்கி வழியாகப் பணம் போன பிறகு வரும் ரசீதுதான் கட்டியதற்குச் சான்று. 18 மாதமும் கோப்பில் சேர்ந்தது முதல் வகைத் தாள். நிர்வாகத்தில் யாரும் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. போர்ட்டலைப் பதிவு செய்தவர் அவரே என்பதால் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அவருடையவை. ஓடிபி, பாக்கி எச்சரிக்கை, நோட்டீஸ் எல்லாம் அவருக்கே போயின.

முழுதாக விழுங்காமல் பாதி கட்டுகிறவர்களும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். 25 பேரில் 9 பேரை மட்டும் ஏற்றுவார்கள். அல்லது எல்லோரையும் ஏற்றி, ஈசிஆரில் என்சிபி, அதாவது பங்களிப்பு இல்லாத நாட்கள் என்ற கட்டத்தில் 18, 20 என்று போட்டு, சம்பளமில்லா விடுப்பில் இருந்ததுபோல் சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள். ஈஎஸ்ஐயில் வேலை நாளைப் பூஜ்யமாக்கி, 'விடுப்பு' என்று காரணம் போடுவார்கள். பேறுகாலப் பணம் கிடைக்க, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். நோய்க்காலப் பணத்துக்கு ஒரு காலத்தில் 78 நாட்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் அடுத்தது. இந்த நாட்களைத் திருடினால் 26 வாரப் பேறுகாலச் சம்பளம் போய்விடும். வலங்கைமானிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து இரவு டூட்டி பார்க்கும் பெண்ணுக்கு அது ஆறு மாதச் சோறு. பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு இடிஎல்ஐயில் 7 லட்சம் வரை வர வேண்டியதும் இதே கணக்கைத்தான் நம்பியிருக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் கொடுக்கும் யோசனைகளும் ஆபத்து. 'நர்ஸை டிரெய்னி என்று காட்டுங்கள், பிஎஃப் வேண்டாம்' என்பார்கள். அப்ரன்டிஸ் சட்டப்படி முறையாகப் பதிவானவருக்குத்தான் அந்த விலக்கு. வருகைப் பதிவேட்டில் முழு ஷிப்ட் பார்க்கும் ஏஎன்எம், ஜிஎன்எம் என்ற நர்சிங் படிப்பு முடித்தவருக்கு இல்லை. 'பார்மசி மனைவி பெயரில், லேப் தம்பி பெயரில் இருக்கட்டும், ஆள் எண்ணிக்கை 20ஐத் தாண்டாது' என்பார்கள். ஒரே வாசல், ஒரே கல்லா, ஒரே மேலாண்மை என்றால் எல்லாவற்றையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்து எண்ணிவிடுவார்கள். எண்ணிக்கை 10 ஆனால் ஈஎஸ்ஐ, 20 ஆனால் பிஎஃப். ஏஜென்சி ஆட்களும் அதில் சேர்த்தி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, பழைய பாக்கி போய்விடும் என்று இப்போது சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போகாது. பழைய சட்டத்தில் சேர்ந்த பாக்கி அப்படியே நிற்கிறது. புதிய தொகுப்பில் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிச்சம் சம்பளக் கணக்கில் சேரும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மீதியை எச்ஆர்ஏ, கன்வேயன்ஸ் என்று பிரிக்கும் பழைய வழியும் இனி நிற்காது.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஏஜென்சி விஷயம் தனி. பில்லில் சம்பளம், பிஎஃப் 13 சதவீதம், ஈஎஸ்ஐ 3.25, சர்வீஸ் சார்ஜ், மேலே ஜிஎஸ்டி 18 என்று இருக்கும். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு என்பதால் அந்த 18ஐ மருத்துவமனை திரும்ப எடுக்க முடியாது, முழுச் செலவு. பில்லோடு ஏஜென்சி தன் ஈசிஆரை இணைக்கும். நூறு பேர் கொண்ட அதே பட்டியலை நான்கு மருத்துவமனைகளுக்கும் காட்டலாம். உங்கள் வார்டைக் கூட்டுபவர் பெயர் அதில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஏஜென்சி கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு அவர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். அவருக்கு முழுப் பில்லும் கொடுத்து முடித்திருந்தால் எதில் கழிப்பது? உங்கள் இடத்துக்கு மட்டும் தனி ஈசிஆர் கேளுங்கள். வருகைப் பதிவோடு பெயர் பெயராகப் பொருத்திய பிறகே அந்த மாத பில்லின் பிஎஃப், ஈஎஸ்ஐ பகுதியை விடுங்கள்.

இன்றே சரிபார்க்க வழி இருக்கிறது, யார் அனுமதியும் வேண்டாம். பிஎஃப் இணையதளத்தில் நிறுவனத் தேடல் பக்கத்தில் மருத்துவமனையின் பெயரையோ குறியீட்டையோ போட்டால் எந்த மாதத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வரவானது, எத்தனை பேருக்கு என்று வரும். எண்ணிக்கையைத் தொட்டால் பெயர்களும் தெரியும். ஏஜென்சியையும் இதே இடத்தில் பார்க்கலாம். ஈஎஸ்ஐக்கு உங்கள் 17 இலக்கக் குறியீட்டில் உள்ளே போய் மாதப் பங்களிப்பைத் திறந்து நாட்களையும் சம்பளத்தையும் பாருங்கள்.

ஓட்டை தெரிந்தால் முதல் வேலை, செல்பேசி எண், மின்னஞ்சல், கடவுச்சொல், டிஜிட்டல் கையொப்பம் நான்கையும் நிர்வாகத்தின் கைக்கு மாற்றுவது. ஓடிபி கன்சல்டன்டிடம் போகிறது என்றால் உரிமையாளர் கையெழுத்து, பான் நகலுடன் அந்தந்த அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள். அவரைக் கெஞ்ச வேண்டாம், எச்சரிக்கவும் வேண்டாம். மாற்றியதும் எல்லா ஈசிஆரையும் இறக்கி, சம்பளப் பட்டியல், அவருக்குக் கொடுத்த வங்கிப் பதிவு இரண்டோடும் மாதவாரியாக ஒப்பிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வவுச்சரும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் ஆதாரம், ஒன்றையும் அழிக்காதீர்கள். பிறகு காவல்துறைப் புகார். பாக்கியை விசாரணை நோட்டீஸ் வரும் வரை வைத்திருக்காமல், பழைய மாதத்திலிருந்து கட்டத் தொடங்குங்கள். வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. இனி பணம் மருத்துவமனை வங்கிக் கணக்கிலிருந்து போர்ட்டல் வழியாக நேரே போகட்டும். கன்சல்டன்டுக்கு அவர் கட்டணம் மட்டும்.

ஊழியர்களிடமும் சொல்லிவையுங்கள். யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண்ணைச் செயல்படுத்தி, அதில் பதிவான செல்பேசியிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக ஏறிய பங்களிப்பு குறுஞ்செய்தியில் வரும். உமாங் செயலியில் பாஸ்புக்கே பார்க்கலாம். சம்பளச் சீட்டில் யுஏஎன், ஈஎஸ்ஐ எண் இரண்டையும் அச்சிட்டுக் கொடுங்கள். கர்ப்பமாக இருக்கும் ஊழியர் விடுப்பு கேட்டு வந்த அன்றே அவருடைய ஈஎஸ்ஐ நாட்களை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.