கேனான் எம்50, ஆர்50: ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராக்கள்

கேனான் நிறுவனம் இஓஎஸ் எம்50 என்ற மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவை 2018 பிப்ரவரியில் அறிவித்தது. சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், அதே வகை வாங்குபவர்களுக்காக இஓஎஸ் ஆர்50 வந்தது. இரண்டிலும் ஏபிஎஸ்-சி அளவு (முழுச் சட்டகம் எனப்படும் 35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறிய) சென்சார், பக்கவாட்டில் திறந்து சுழலும் தொடுதிரை, மின்னணு வ்யூஃபைண்டர், உள்ளே மடங்கிக்கொள்ளும் சிறு ஃபிளாஷ் ஆகியவை உள்ளன. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து எடை போட்டால் எம்50 சுமார் 390 கிராம், ஆர்50 சுமார் 375 கிராம். எம்50 இப்போது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகவும் ஆர்50 புதிதாகவும் கிடைப்பதால், முதல் கேமரா வாங்குபவர் பலர் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஒதுக்கிய பணத்தில் பழைய பாடியையும் ஒரு நல்ல லென்ஸையும் வாங்குவதா, அல்லது புதிய பாடியை அதனுடன் வரும் கிட் லென்ஸோடு வாங்குவதா?

இந்தக் கேள்விக்கு விவரக்குறிப்பு அட்டவணையின் முதல் சில வரிகள் உதவாது. எம்50-இல் 24.1 மெகாபிக்சல், ஆர்50-இல் 24.2 மெகாபிக்சல். ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவின் இயல்பான வரம்பு எம்50-இல் 25,600 வரையும் ஆர்50-இல் 32,000 வரையும் செல்கிறது. ஆனால் அந்த உச்சியில் எடுத்த படத்தை இரண்டிலுமே யாரும் விரும்பி அச்சிடப் போவதில்லை. ஒரே வெளிச்சத்தில், ஒரே துளையில் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு), ஒரே ஐஎஸ்ஓவில் அசையாத பொருளை எடுத்த ரா கோப்புகளை (சென்சாரின் பதிவை மெருகேற்றாமல் சேமித்தவை) அருகருகே திறந்தால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது அனுபவமுள்ளவருக்கும் எளிதன்று. பாடிக்குள் நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இரண்டிலும் இல்லை. அந்த வேலையை லென்ஸ்தான் செய்யவேண்டும். ஆகவே "புதிய சென்சார், தெளிவான படம்" என்ற எண்ணத்தில் மட்டும் ஆர்50-ஐ நாடுபவர் ஏமாற்றம் அடையக்கூடும்.

தலைமுறை வேறுபாடு முதலில் தெரிவது ஃபோகஸில். கேனானின் டூயல் பிக்சல் முறையில் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் இரண்டு ஒளியுணரிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவை இரண்டும் காணும் காட்சிகளுக்கு இடையிலான விலகலை அளந்து, லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்தவேண்டும் என்பதைக் கேமரா ஒரே கணக்கில் அறிந்துகொள்கிறது. இந்த அடிப்படை எம்50-இலும் உண்டு என்பதால், அசையாத முகத்தின்மேல் அது வேகமாகவும் சரியாகவும் ஃபோகஸ் செய்கிறது. எம்50-இல் இல்லாதது, காண்பது என்ன என்று இனம் பிரித்து விடாமல் பின்தொடரும் திறன். அதன் டிஜிக் 8 செயலி முகத்தை அடையாளம் காணும். ஆனால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி ஒருமுறை ஃபோகஸ் செய்து நிறுத்திக்கொள்ளும் நிலையில்தான் வேலை செய்யும். ஆள் அசைய அசையத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் நிலைக்கு மாறினால் கண் ஃபோகஸ் கிடைக்காது. இந்தக் குறையை 2020-இல் வந்த எம்50 மார்க் 2 சரிசெய்தது என்பதால், செகண்ட் ஹேண்டில் தேடுபவர் இரண்டு பெயர்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆர்50-இல் உள்ள டிஜிக் எக்ஸ் செயலியும் இரண்டாம் தலைமுறை டூயல் பிக்சல் ஃபோகஸும் மனிதர், விலங்கு, வாகனம் என்று பொருளைப் பிரித்தறிந்து, அது சட்டகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் பின்தொடர்கின்றன. கேமராவை நோக்கி ஓடிவரும் குழந்தையையோ கிளை மாறி அமரும் பறவையையோ எடுக்கும்போது இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். எம்50-இல் ஃபோகஸ் புள்ளியைச் சரியான இடத்தில் வைப்பது எடுப்பவரின் பொறுப்பு. ஆர்50 அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. புதிதாகக் கற்பவருக்கு இது மிகப் பெரிய உதவி என்றே நினைக்கிறேன். ஃபோகஸைப் பற்றிய கவலை குறைந்தால்தான் ஒளியையும் சட்டகத்தையும் கவனிக்க மனத்துக்கு இடம் கிடைக்கும்.

தொடர் படப்பிடிப்பிலும் இதே போக்குதான், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எம்50 நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் என்றாலும் அந்த வேகத்தில் முதல் படத்தோடு ஃபோகஸ் நின்றுவிடும். பின்தொடர்ந்தபடி எடுத்தால் வேகம் 7.4 ஆகக் குறையும். ஆர்50 பின்தொடர்ந்தபடியே 12 படங்களும், முழு மின்னணு ஷட்டரில் 15 படங்களும் எடுக்கும். விளம்பரம் உரக்கச் சொல்லாத செய்தி, அதன் இடைநினைவகம் (கார்டில் எழுதப்படும்வரை படங்கள் தங்கும் இடம்) மிகச் சிறியது என்பது. ரா வடிவில் எடுத்தால் ஏறத்தாழ ஏழு படங்களில் அது நிரம்பிவிடும். அதாவது அந்த வேகம் ஒரு நொடிகூட நீடிக்காது. எம்50 ராவில் சுமார் பத்துப் படங்களைத் தாங்கும். ஜேபெக் எடுப்பவருக்கு இந்தத் தடை பெரிதாக உறைக்காது. இன்னொன்று, ஆர்50-இல் முழு இயந்திர ஷட்டர் கிடையாது. ஷட்டரின் முதல் திரை எப்போதும் மின்னணுத் திரையே என்பதால், துளையை நன்றாகத் திறந்துவைத்து மிக வேகமான ஷட்டரில் எடுக்கும்போது பின்புல மங்கலின் வட்டங்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டதுபோல் தோன்றலாம். முழு மின்னணு ஷட்டரிலோ விரைந்து செல்லும் பொருள்கள் சாய்ந்து பதியும்.

காணொளிக்கு வந்தால் ஒப்பீடு ஒருதலையாகிவிடுகிறது. எம்50-இன் பெட்டியில் 4கே என்று அச்சிட்டிருந்தாலும் அந்த 4கே இரண்டு வழிகளில் முடக்கப்பட்டது. முதலாவதாக, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால் ஏபிஎஸ்-சி அளவுக்கான 1.6 மடங்குக்கு மேல் இன்னொரு 1.6 மடங்கு கிராப் (காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படுவது) சேர்ந்து, மொத்தம் சுமார் 2.56 மடங்காகிறது. கிட் லென்ஸின் மிக அகன்ற 15 மி.மீ. நிலைகூட முழுச் சட்டகக் கணக்கில் 38 மி.மீ. ஆகிவிடும்; கையை நீட்டித் தன்னையே படம்பிடிப்பவரின் முகம் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இரண்டாவதாக, 4கே நிலையில் டூயல் பிக்சல் ஃபோகஸ் வேலை செய்யாது. காட்சியின் ஒளி-இருள் மாறுபாட்டை வைத்து முன்னும் பின்னும் தேடும் பழைய முறைக்குக் கேமரா இறங்கிவிடும். அந்தத் தேடல் காணொளியில் அப்படியே பதிவாகும். வேகமும் நொடிக்கு 24 சட்டகம் மட்டுமே. எம்50-ஐ முழு எச்டி கேமரா என்று எண்ணி வாங்குவதே நியாயம். அந்த நிலையில் நொடிக்கு 60 சட்டகம் வரை, டூயல் பிக்சல் ஃபோகஸுடன், அது இன்றும் ஒழுங்காகப் பணியாற்றுகிறது.

ஆர்50 சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, 6கே அளவில் படித்து 4கே-ஆகச் சுருக்கி, நொடிக்கு 30 சட்டகம் வரை பதிகிறது. ஃபோகஸும் தடையின்றித் தொடர்கிறது. மெதுவோட்டக் காட்சிக்கு எம்50 720 வரித் தெளிவில் தரும் 120 சட்டகங்களை இது முழு எச்டியிலேயே தருகிறது. பழையதில் ஒரே பதிவு 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும். புதியதில் ஒரு மணி நேரம் வரை ஓடும். மைக் செருகும் இடம் இரண்டிலும் உண்டு, ஹெட்ஃபோன் செருகும் இடம் இரண்டிலும் இல்லை. வேலையில் பாதியாவது காணொளியாக இருப்பவர் எம்50-ஐ இந்த இடத்திலேயே மறந்துவிடலாம்.

நிழற்படம் மட்டும் எடுப்பவருக்கு ஒப்பீடு இங்கேதான் சூடு பிடிக்கிறது, ஏனெனில் லென்ஸ் விஷயத்தில் புதியது எல்லா இடத்திலும் முன்னேறவில்லை. எம்50-உடன் வரும் கிட் லென்ஸ் 15-45 மி.மீ., எஃப்/3.5-6.3 (எஃப் எண் குறையக் குறையத் துளை அகலும்), ஆர்50-உடன் வருவது 18-45 மி.மீ., எஃப்/4.5-6.3. இரண்டும் 130 கிராம்தான். ஆனால் பழையது முழுச் சட்டகக் கணக்கில் 24 மி.மீ. அகலத்தில் தொடங்குகிறது, புதியது 29 மி.மீ.-இல்தான் தொடங்குகிறது. சிறிய அறைக்குள் குடும்பத்தார் அனைவரையும் ஒரே சட்டகத்தில் அடக்க முயல்பவருக்கு இந்த ஐந்து மி.மீ. பெரிய இழப்பு. அகன்ற முனையில் துளையும் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எம்50-க்கான இஎஃப்-எம் வரிசையில் கேனான் வெளியிட்டவை மொத்தம் எட்டே லென்ஸ்கள். எண்ணிக்கையை வைத்து எள்ளி நகையாடப்பட்ட வரிசை அது. ஆனால் அந்த எட்டில் சில, தொடக்கநிலைக் கேமராவுக்கு வேண்டியதை வேறு எதையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவை. 22 மி.மீ. எஃப்/2 லென்ஸ் வெறும் 105 கிராம் எடையும் கைக்குள் மறையும் தட்டை வடிவும் கொண்டது. 32 மி.மீ. எஃப்/1.4 கூர்மைக்குப் பேர்பெற்றது. 11-22 மி.மீ. அகல லென்ஸில் நடுக்கக் குறைப்பும் உண்டு. மாலை மங்கிய பின் கிட் லென்ஸோடு ஆர்50-ஐ எஃப்/4.5-இல் வைத்து எடுப்பவரையும், 22 மி.மீ. லென்ஸோடு எம்50-ஐ எஃப்/2-இல் வைத்து எடுப்பவரையும் எண்ணிப் பாருங்கள். இரண்டாமவரின் சென்சாருக்கு ஐந்து மடங்கு ஒளி போய்ச் சேருகிறது. முதலாமவர் ஐஎஸ்ஓ 6400-க்கு ஏற்றவேண்டிய இடத்தில் இரண்டாமவருக்கு 1250 அல்லது 1600 போதும். ஐந்தாண்டுச் சென்சார் வளர்ச்சி இவ்வளவு பெரிய இடைவெளியை ஈடுகட்டாது. அசையாத பொருள், குறைந்த ஒளி என்ற நிலையில் பழைய கேமராவின் படமே தெளிவாக வரும்.

ஆர்50-க்கு அப்படிப்பட்ட லென்ஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வழி சற்றுச் சுற்றுவழி. ஏபிஎஸ்-சிக்கென்றே கேனான் தந்த தொடக்க ஆர்எஃப்-எஸ் லென்ஸ்கள் துளை குறுகிய ஜூம்களே. முழுச் சட்டகக் கேமராவுக்காக வந்த ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8, 28 மி.மீ. எஃப்/2.8, 16 மி.மீ. எஃப்/2.8 ஆகியவற்றைப் பூட்டிக்கொள்ளலாம். 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டேம்ரானும் கேனானின் அனுமதியுடன் ஆர்எஃப் மவுண்டில் (ஆர் கேமராக்களில் லென்ஸைப் பூட்டும் அமைப்பு) ஏபிஎஸ்-சி லென்ஸ்களை அறிவித்தன. சிக்மாவின் 16, 30, 56 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ்கள் இப்போது இரண்டு மவுண்டுகளிலும் உண்டு என்பதால் அந்த அளவில் ஆர்50 சமநிலைக்கு வந்துவிட்டது. வந்த புதிதில் அதை வாங்கி, ஏபிஎஸ்-சிக்கான அகன்ற துளை லென்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பொறுமைசாலிகள்.

எம்50-இன் உண்மையான பலவீனம் அதன் மவுண்டுக்கு எதிர்காலம் இல்லை என்பதே. இஎஃப்-எம் வரிசை 2012-இல் முதல் இஓஎஸ் எம் கேமராவோடு தொடங்கி 2023-இல் கைவிடப்பட்டது. நாளைக்குப் பெரிய ஆர் கேமராவுக்கு மாறும்போது இந்த லென்ஸ்களை எடுத்துச்செல்ல முடியாது. அதற்குக் காரணம் வணிகம் மட்டுமன்று, அளவுமாகும். இஎஃப்-எம் மவுண்டில் லென்ஸின் அடிவளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் 18 மி.மீ.; ஆர்எஃப் மவுண்டில் அது 20 மி.மீ. லென்ஸை சென்சாருக்கு இரண்டு மி.மீ. அருகில் கொண்டுபோனால்தான் தொலைவிலுள்ள பொருள் ஃபோகஸாகும். இடையில் வைக்கும் எந்த அடாப்டரும் தூரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே எம்50 வாங்குபவர் அதையும் இரண்டு மூன்று லென்ஸ்களையும் ஒரு தொகுப்பாக எண்ணி, விற்கும் நாளில் தொகுப்பாகவே விற்கப்போகிறோம் என்ற கணக்கோடு வாங்குவது நல்லது.

மற்ற வேறுபாடுகள் சில்லறை. வ்யூஃபைண்டர் இரண்டிலும் 23.6 லட்சம் புள்ளிகள்; பின்திரை எம்50-இல் 10.4 லட்சம், ஆர்50-இல் 16.2 லட்சம். எம்50-இன் எல்பி-இ12 பேட்டரி தரநிலைக் கணக்கில் சுமார் 235 படங்களுக்கு மேல் தாங்காது, கூடுதலாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும். ஆர்50-இன் எல்பி-இ17 இன்னும் நெடுநேரம் வரும். யுஎஸ்பி-சி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஏற்றுவதும் ஆர்50-இல் மட்டுமே. ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் மட்டும் நிலைமை தலைகீழ்: எம்50-இல் வழக்கமான ஹாட் ஷூ இருப்பதால் பழைய ஃபிளாஷ் எதுவும் நேரடியாகப் பொருந்தும், ஆர்50-இன் புதுவகை ஷூவில் பழைய ஃபிளாஷைப் பொருத்த ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வேண்டும்.

ஓடியாடும் குழந்தைகள், விலங்குகள், காணொளி ஆகியவற்றுக்காக வாங்குபவருக்கு ஆர்50-ஐயே பரிந்துரைப்பேன். கிட் லென்ஸோடு நிறுத்தாமல் விரைவில் அகன்ற துளை லென்ஸ் ஒன்றும் சேர்த்துக்கொள்ளவேண்டும். பயணம், தெரு, உருவப்படம் என்று நிதானமாக நிழற்படம் மட்டும் எடுப்பவருக்கு, பணம் இறுக்கமாக இருந்தால், நல்ல நிலையிலுள்ள எம்50-உம் 22 மி.மீ. லென்ஸும் சேர்ந்த தொகுப்பு இன்னும் பொருத்தமானதே. வீட்டில் ஏற்கெனவே பழைய கேனான் டிஎஸ்எல்ஆரின் இஎஃப் லென்ஸ்கள் இருக்குமானால் கணக்கு மாறும். அவற்றுக்கு அடிவளையத்திலிருந்து சென்சார் வரையிலான தூரம் 44 மி.மீ. என்பதால் அடாப்டருக்குத் தாராளமாக இடம் உண்டு. இரண்டு கேமராக்களிலும் அவை ஃபோகஸோடு வேலை செய்யும். அப்படிப்பட்டவருக்கு எம்50-இன் சிறிய லென்ஸ்கள் தரும் ஆதாயம் தேவையில்லை. லென்ஸுக்கு ஒதுக்கவிருந்த பணத்தைக் கூட்டி ஆர்50 பாடியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.