நெல்லையிலிருந்து சென்னைக்குப் பறக்க: வாகைக்குளமா, மதுரையா?

பாளையங்கோட்டைக்காரர்கள் சென்னைக்கு விமானம் ஏற இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி ஏர்போர்ட், இன்னொன்று மதுரை. இரண்டிலும் போய்ப் பார்த்துவிட்டு நான் வாகைக்குளத்துக்கே மாறிவிட்டேன், அம்மாவையும் இப்போது அதில்தான் அனுப்புகிறேன்.

வானத்தில் மட்டும் கணக்குப் பார்த்தால் மதுரைதான் ஜெயிக்கும். சென்னையிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ., தூத்துக்குடி சுமார் 530. போதாததற்கு, தூத்துக்குடி ஓடுபாதை வெகுகாலம் 1,350 மீட்டர்தான் என்பதால் ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்களே வந்து போயின. அது மணிக்கு 500 கி.மீ. போகும், ஜெட் 800-ஐத் தாண்டும். ஆனாலும் ஏறி இறங்குகிற நேரம் இரண்டுக்கும் பொது என்பதால், டிக்கெட்டில் தெரியும் வித்தியாசம் இருபது முப்பது நிமிடம்தான்.

அந்த அரை மணி நேரத்தை ரோடு தின்றுவிடும். கேடிசி நகரில் ஏறினால் வல்லநாடு தாண்டி வாகைக்குளம் முப்பது சொச்சம் கி.மீ., முக்கால் மணி நேரம் தாராளம். மதுரை ஏர்போர்ட்டுக்கோ கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று கிட்டத்தட்ட 150 கி.மீ., வழியில் டோல்கேட்டுகள் வேறு. இரண்டரை மணி நேரம் என்பது எதுவும் குறுக்கே வராத நாளில். வழியில் எங்காவது லாரி மறித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து இன்னும் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புவோம் பாருங்கள், அதையும் பயண நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். இப்படி வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கம் வரை கூட்டிப் பார்த்தால் வாகைக்குளம் வழியாக மூன்றரை மணி நேரம், மதுரை வழியாக ஐந்தைத் தாண்டிவிடும். திரும்பி வருவது இன்னும் மோசம். ராத்திரி மதுரையில் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு நாலுவழிச் சாலையில் நெல்லை வரை வயதானவர்களைக் கூட்டிவருவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

மதுரைக்கு உள்ள பலம் விமானங்களின் எண்ணிக்கை. ஒன்று போனால் அடுத்தது இருக்கும், துபாய், கொழும்பு என்று வெளிநாட்டுக்கும் நேராகப் போகலாம். விருதுநகர், சாத்தூர்க்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், அவர்களுக்கு மதுரைதான். தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புது டெர்மினல் திறந்தாயிற்று, ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது, ஆனால் விமானங்கள் கூடினால்தான் அதன் முழுப் பலன் நமக்கு.

கட்டணம்? நான் பார்த்தவரை மதுரை டிக்கெட் பல நாள் மலிவாக இருக்கும், தனியாளாக டாக்சி பிடித்தால் அந்த மிச்சம் வாடகையிலேயே போய்விடும். நாலைந்து பேர் ஒரே காரில் போனால் கணக்கு மாறலாம், அப்படிக் குடும்பமாகப் போன அனுபவம் எனக்கு இல்லை.