வளைவில் முரண்டுபிடிக்கும் வாக்கிங் ஃபுட் தையல் இயந்திரம்

தோல் வேலைக்குச் சிலிண்டர் ஆர்ம் (குழாய் வடிவ அடிக்கை கொண்ட) வாக்கிங் ஃபுட் (பாதமும் நகர்ந்து தோலை இழுக்கும்) தையல் இயந்திரம் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்த வேளையில்தான் என்னுடையது பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. ஆகவே இப்பதிவில் எரிச்சல் சற்றுத் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேர்த்தையலில் இதைக் குறை சொல்ல வழியே இல்லை. ஊசி, உள்பாதம், அடியிலுள்ள பல் ஆகிய மூன்றும் சேர்ந்து தோலை நகர்த்துவதால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவுவதில்லை. ஆனால் பர்ஸின் மூலையைப் போல 10 மி.மீ. ஆரமுள்ள வளைவு வந்துவிட்டால் அந்தப் பிடிமானமே பகையாகிவிடுகிறது. வெளிப்பாதம் அழுத்திக்கொண்டிருக்கும்போது கையால் திருப்ப முயன்றால் ஊசிதான் வளையும். மென்மையான தோலில் பாதத்தின் தடமும் பதிந்துவிடும். எனவே ஊசியை உள்ளே இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, ஒவ்வொரு தையலுக்கும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பொறுக்க முடியாதது ஊசி நிற்கும் இடம். சர்வோ மோட்டார் அதை மிகத் தாழ்ந்த புள்ளியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கிருந்து சுமார் 2 மி.மீ. மேலேறிய பிறகே நூல் கண்ணியாக விரிந்து, அதை அடிநூலோடு பிணைக்கும் கொக்கியான ஹூக்கின் முனையில் சிக்கும் என்பதால், அதற்கு முன் தோலைத் திருப்பினால் கண்ணி கோணி, அந்தத் தையல் விட்டுப்போக வாய்ப்புண்டு. துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த துளை மூடுவதில்லை. பழுதுபார்த்தவர் ஹூக்கின் டைமிங்கை, அதாவது அது ஊசியைச் சந்திக்கும் தருணத்தை, அருமையாகச் சரிசெய்தார். கூடவே, நான் பாடுபட்டுச் சற்று மேலேற்றி வைத்திருந்த நிறுத்தப் புள்ளியையும் பழையபடி கீழே இறக்கிவிட்டார். இப்போது மூலைதோறும் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

தையல் நீளத்திலும் கவனம் வேண்டும். மேற்சொன்ன வளைவில் 4 மி.மீ. தையல் கோட்டிலிருந்து 0.2 மி.மீ. உள்வாங்கிக் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும், 3 மி.மீ. என்றால் விலகல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதற்கும் வெகுவாகக் குறைத்தால் துளைகள் நெருங்கி, தபால்தலையின் ஓரம்போல் தோல் கிழியத் தொடங்கும். குறுகலான வெளிப்பாதத்தை மாட்டிக்கொண்டால் ஓரமாவது கண்ணில் படும்.

நண்பருக்கு என் பதில்: சிறு மூலைகளே பெரும்பாலான வேலை என்றால் இதை வாங்காதீர்கள். தூண்போல் உயர்ந்த அடித்தளமுள்ள போஸ்ட் பெட் இயந்திரத்தின் ரோலர் (உருளை) பாதம் தோலைச் சிறு இடத்தில் மட்டுமே தொடுவதால், தைத்துக்கொண்டே திருப்ப முடியும். என்னுடையதை விலைக்குக் கேட்டுவிட வேண்டாம், கொடுக்க மாட்டேன்.