"ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு" என்றதும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அண்ணன் உரக்கடை வைத்திருக்கிறார். செம்பனை போட்டிருக்கும் சிறு தோட்டக்காரர்கள் உரமும் களைக்கொல்லியும் கடனில் எடுத்துப்போய், குலை வெட்டி விற்றதும் வந்து கட்டுவார்கள். அந்தக் கடன் கணக்கு மொத்தமும் பின்னறையில் இருக்கும் ஒரு சர்வரில்தான் (உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஓடும் கணினி). போன மாதம் ஒரு திங்கட்கிழமை கணக்கு திறக்கவில்லை. 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்', அதாவது டிஸ்க்கில் இடமில்லை என்ற வரி மட்டும் வந்தது.

ஈப்போவிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். இருபது நிமிடம் பார்த்தார். "அண்ணே, ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. புது சர்வர்தான் போடணும், 4,200 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்" என்றார். பார்த்த கூலி 250, முன்பணம் 1,500. கணக்கு போய்விடுமோ என்ற பயத்தில் அண்ணன் கொடுத்துவிட்டார். ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக அந்த ஈப்போக்காரர் சொன்னார். இன்றுவரை வரவில்லை. மறுநாள் வயதான ஐயா ஒருவர் பாக்கி கட்ட வந்தார். எவ்வளவு என்று சொல்ல முடியாமல் அவரைத் திருப்பி அனுப்பியது எனக்குத் தாங்கவில்லை.

அன்று இரவு அந்தப் பிழை வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். பழைய கேள்வி பதில்களில் ஒருவர், இடம் மீதி இருந்தும் இந்தப் பிழை வந்தால் 'டிஎஃப் -ஐ' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். அவர் சுட்டிய விளக்கப் பக்கம் இப்போது இல்லை. முகவரியை, இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய பக்கங்களைக் காட்டும் வேபேக் மெஷினில் போட்டேன், பழைய பிரதி கிடைத்தது. 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வரும் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு என் நன்றி.

விஷயம் இதுதான். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்றொரு பதிவு வேண்டும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 முறையில் அந்த எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. எங்கள் 20 ஜிபி பகுதிக்கு ஏறக்குறைய 13 லட்சம். இடம் 40 விழுக்காடு மீதி இருந்தது, ஐநோடு 100 விழுக்காடும் தீர்ந்திருந்தது, அதனால் புதுக் கோப்பு எதையும் எழுத முடியவில்லை. சர்வர் ஓடுகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும் ஒரு ஸ்கிரிப்ட், ஒவ்வொரு முறையும் ஒரு பிஎச்பி செஷன் கோப்பை (மென்பொருளைத் திறக்கும்போது உருவாகும் தற்காலிகக் கோப்பு) விட்டுப்போயிருக்கிறது. உபுண்டு பழைய செஷன்களைத் தானே துடைக்கும். ஆனால் மென்பொருளைப் போட்டவர் அவற்றை வேறு கோப்புறையில் வைத்ததால் அங்கே துடைப்பே நடக்கவில்லை. இரண்டரை வருடக் குப்பை!

முதலில் டேட்டாபேஸைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் எந்தக் கட்டளையையும் தொடாதீர்கள், பழைய பதில் என்றால் அதன் தேதியையும் பாருங்கள். அழிக்கும் 'ஆர்எம்' கட்டளை அத்தனை கோப்பை ஒரே வரியில் ஏற்கவில்லை, 'ஃபைண்ட்' கட்டளையால்தான் அழிக்க முடிந்தது. கணக்கு உடனே திறந்தது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் சோதனையிலும் பார்த்தேன், ஒரு பழுதான செக்டர்கூட இல்லை. டிஸ்க் போய்விட்டது என்று யார் சொன்னாலும் அந்தச் சோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள்.

ஈப்போக்காரரிடம் பணத்தைக் கேட்டோம். "சாமான் ஆர்டர் பண்ணியாச்சு" என்றார், ஆர்டர் சீட்டைக் காட்டவில்லை. 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு போடலாம். அண்ணன் அதற்கான பாரத்தை வாங்கி வந்துவிட்டார். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய சான்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.