எச்சரிக்கை: ‘நார்மல் டெலிவரி பேக்கேஜ்’ என்று நம்பிப் போய் 4,20,000 ரூபாய் போச்சு, குழந்தையின் வலது கை தொங்கிக் கிடக்கிறது

கொங்குப் பக்கம் ஒரு மாவட்டத் தலைநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தனியார் மகப்பேறு ஆஸ்பத்திரி. பெயரை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தங்கை மகளுக்கு அங்கே பிரசவம் பார்த்த கேஸ் ஷீட் நகல் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதைப் பார்த்த ஆத்திரத்தில் எழுதுகிறேன். மாசமாக இருக்கும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால் கடைசி வரை படியுங்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அவளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 168. 140 தொட்டாலே சர்க்கரை என்று கணக்கு. 38ஆவது வார ஸ்கேனில் குழந்தையின் எடை 3.9 கிலோ. இதைக் காட்டி, “ஆபரேஷன் வேண்டியிருக்குமா மேடம்?” என்று என் தங்கை கேட்டாள். அந்த டாக்டரம்மா ஃபைலை மூடி வைத்துவிட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “பயப்படாத கண்ணு, இதவிடப் பெரிய குழந்தையெல்லாம் நார்மலா எடுத்திருக்கேன். நான் பக்கத்துலயே இருப்பேன்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அன்று சாயங்காலமே 85,000 ரூபாயைக் கவுண்டரில் கட்டினார்கள். பேக்கேஜ் அட்டையில் அச்சடித்தே இருக்கிறது: 24 மணி நேரமும் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், விடாத இதயத்துடிப்புக் கண்காணிப்பு.

சிசேரியன் செய்யவில்லை என்பது என் புகார் இல்லை. ஸ்கேன் எடை 10, 15 சதவீதம் முன்னே பின்னே போகும். 3.9 கிலோ என்பதற்காக மட்டும் யாரும் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. ஆனால் தாய்க்குச் சர்க்கரை, குழந்தை பெரிது என்றால், தலை வந்த பிறகு தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். அது தெரிந்தும் அன்றைக்குக் குழந்தை மருத்துவரைத் தயாராக நிறுத்தவில்லை, கூடுதல் நர்ஸ் இல்லை, பக்கத்திலேயே இருப்பேன் என்றவரும் இல்லை. என் புகார் இதுதான்.

பனிக்குடம் உடைந்து காலை 6 மணிக்குச் சேர்த்தார்கள். 9.30க்கு வலி கூட்டுவதற்கு டிரிப்ஸில் ஆக்சிடோசின் ஏற்றினார்கள். 500 மில்லி சலைனில் 5 யூனிட். மருந்தில் தப்பில்லை, ஏற்றிய விதத்தில்தான் தப்பு. சொட்டுகளை எண்ணி, குறைவாக ஆரம்பித்து, அரை மணிக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். 10 நிமிடத்தில் 3, 4 வலி வந்தால் போதும். 5ஐத் தாண்டினால் குறைக்க வேண்டும், குழந்தையின் துடிப்பும் மாறினால் உடனே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை கர்ப்பப்பை இறுகும்போதும் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இரண்டு வலிக்கு நடுவில்தான் அது ஆக்சிஜனைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடைவெளியே இல்லாமல் வலி வந்துகொண்டே இருந்தது என்று கூடவே நின்ற தங்கை சொல்கிறாள். பம்ப் இல்லை, சொட்டை யாரும் எண்ணவில்லை.

நல்ல வலி பிடித்த பிறகு 15 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் ஒருமுறையாவது குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு எழுத வேண்டும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கலாம். ஆக்சிடோசின் ஓடுகிறது என்றால், குழந்தையின் துடிப்பையும் வலியையும் தொடர்ந்து பதிவு செய்யும் சி.டி.ஜி. மெஷினை விடாமல் மாட்டியிருப்பதுதான் முறை. மெஷின் மூலையில் உறை போட்டு நின்றது. காலையிலிருந்து பிரசவம் வரை மூன்றே முறைதான் துடிப்பைக் கேட்டார்கள்.

தலை தெரிய ஆரம்பித்ததும் ஒரு ஆயாம்மா ஸ்டூலில் ஏறி, இரண்டு கையாலும் மேல்வயிற்றை அமுக்கினார். நம்மூரில் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018 பிரசவ வழிகாட்டியில் இதைச் செய்யாதீர்கள் என்றே எழுதியிருக்கிறது. தலை வெளியே வந்தது, வந்த வேகத்தில் ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோல உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. தோள் மாட்டிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அந்த நொடியில் மேல்வயிற்றை அமுக்குவதை விட வேண்டும், முக்குவதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும், உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தொடை வயிற்றில் படும்படி மடக்க வேண்டும். இன்னொருவர் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, குழந்தையின் முதுகுப் பக்கத்திலிருந்து அழுத்த வேண்டும். பெரும்பாலும் இதிலேயே தோள் விடுபடும். விடுபடாவிட்டால் கையை உள்ளே விட்டுக் குழந்தையின் பின்பக்கக் கையை முதலில் எடுப்பார்கள், அல்லது தோளைத் திருப்புவார்கள். மேலே அமுக்க அமுக்கத் தோள் எலும்பில் இன்னும் இறுகும். தலையைப் பக்கவாட்டில் இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டுக் கிழியும்.

அமுக்கினார்கள், இழுத்தார்கள். மதியம் 1.52க்குப் பிறந்த குழந்தை 4.1 கிலோ. அழவில்லை. முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுக்க ஆரம்பித்திருக்க வேண்டும். அந்த நிமிடம் பீரோவில் மாஸ்க் தேடுவதிலேயே போய்விட்டது. அப்புறம் ஆம்புலன்ஸ், கோவையில் வேறொரு ஆஸ்பத்திரி, என்.ஐ.சி.யூ. என்கிற பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு, 3,35,000 ரூபாய். முதலில் கட்டிய 85,000ஐச் சேர்த்தால் 4,20,000. நகையை அடகு வைத்துப் புரட்டிய 4,20,000. குழந்தை பிழைத்துவிட்டது. வலது கை தோளிலிருந்து தொங்குகிறது, முழங்கை மடங்கவில்லை, உள்ளங்கை பின்பக்கம் பார்க்கிறது.

கேட்கப் போனால் ரிசப்ஷனில் “டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க.” மறுபடி போனால் “கான்ஃபரன்ஸ் போயிருக்காங்க.” கேஸ் ஷீட் கேட்டால் “ரெக்கார்டு ரூம் சாவி மேனேஜர்கிட்ட இருக்கு.” மேனேஜரோ உட்காரச் சொல்லாமலே, “நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? குழந்தை உசுரோட கெடச்சதே பெருசுங்க” என்றார். சம்மதப் படிவத்தில் போட்ட கையெழுத்து பிரசவம் பார்க்கத்தான் சம்மதம், அஜாக்கிரதையாகப் பார்க்க இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் கிடையாது. கடைசியாக ஒரு ஆள் மூலம் தகவல்: 25,000 தருகிறோம், புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். 4,20,000க்கு 25,000!

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போன பிறகுதான் கேஸ் ஷீட் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பிறந்தவுடன் அழுதது’ என்று இருக்கிறது. அதே ஆஸ்பத்திரி கோவைக்குக் கொடுத்தனுப்பிய கடிதத்தில் ‘பிறந்தவுடன் அழவில்லை’. பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்டோகிராஃப் தாள் வெற்றுத்தாள். கேஸ் ஷீட்டில் வேறொரு தாளில் இருக்கும் இதயத்துடிப்புக் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ் வரை 140, 140, 140. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. எந்தக் குழந்தையின் துடிப்பும் மணிக்கணக்கில் ஒரே எண்ணில் நிற்காது. கடைசி வரி 2 மணிக்கு, அதுவும் 140. குழந்தை பிறந்து 8 நிமிடம் ஆன பிறகு வயிற்றுக்குள் யாருடைய துடிப்பைக் கேட்டார்கள்? தலை வந்த நேரம், உடம்பு வந்த நேரம், எந்தத் தோள் மாட்டியது, என்ன செய்தார்கள், அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் கட்டாயம் எழுத வேண்டியவை. ஒரு வரி இல்லை.

தோள் மாட்டுவதெல்லாமே அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டிச் சொல்ல முடியாமல், நல்ல கையிலும் நடக்கும். நடந்தபோது என்ன செய்தார்கள், அதை எழுதினார்களா என்பதில்தான் வழக்கே நிற்கிறது.

வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் முன் கேளுங்கள்: ராத்திரி டாக்டர் கட்டிடத்திலேயே இருப்பாரா, போன் போட்டால் வருபவரா? குழந்தை டாக்டர் எத்தனை நிமிடத்தில் வருவார்? வலி கூட்டும் மருந்து டிரிப்ஸில் ஓடும்போது சி.டி.ஜி. மாட்டுவீர்களா? கூட ஒரு பெண் துணையை உள்ளே விடச் சொல்லுங்கள். வயிற்றில் ஏறி அமுக்க வந்தால் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் கேஸ் ஷீட்டை அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிகள்படி கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குத் தனியாகப் புகார் போடலாம். கை தொங்கும் குழந்தையை ‘தானா சரியாகும்’ என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். நிறையப் பேருக்குச் சரியாகும்தான், ஆனால் 3 மாதத்தில் முழங்கை மடங்கவில்லை என்றால் நரம்பு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதற்கும் காலம் கடந்துவிடக் கூடாது. முதல் மாதத்திலேயே நிபுணரிடம் காட்டுங்கள்.

25,000க்குக் கையெழுத்துக் கேட்டு ஆள் அனுப்பினால் போடாதீர்கள். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.